எவ்வூரில் அபூர்வம்? இருதய ரோகங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

இருதய ரோகங்களுள் இன்னது சாதாரணம், இன்னது அபூர்வம் என்று வகுத்துரைக்கும் மருத்துவ நூல்களிற் பெரும்பாலானவை லண்டனிலும் பாஸ்டனிலும் இருந்த பேராசிரியர்களால், அவ்வூர் மருத்துவமனைகளில் வந்து படுத்த நோயாளிகளை எண்ணி எழுதப்பட்டவை. ஆதலால் அந்நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையிலுள்ள ஒரத்தநாட்டு அரசு மருத்துவமனைக்கு வேலைக்கு வந்து சேரும் ஓர் இளம் மருத்துவர், அடிக்குறிப்பில் படித்து மறந்த ரோகத்தை வெளிநோயாளிகள் வரிசையில் நேருக்கு நேர் காண்பாரேயானால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு நோய் அருகியிருப்பதும் பெருகியிருப்பதும் அது குடிகொண்ட நிலத்தையும், அந்நிலத்து மக்கள் உண்ணும் சோற்றையும், அடுப்பில் எரிக்கும் விறகையும், அவர்கள் கொண்டு கொடுக்கும் உறவு முறையையும் பொறுத்திருக்கிறது. நோயை நிர்ணயிக்கும் வித்தையும் இவற்றை விசாரிப்பதிலேதான் தொடங்குகிறது என்பதும், யந்திரங்கள் அவ்விசாரணைக்குப் பின்னால் வந்து சாட்சி சொல்பவையே என்பதும் என் கருத்து.

காவிரி நாட்டில் எதையும் நெல்லிலிருந்து தொடங்குவதே முறை. பெரிபெரி என்னும் வியாதியில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்து, கவனியாது விட்டால் சில நாட்களில் இருதயம் ஓய்ந்து நின்றுவிடும். பத்தாவியாவில் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் தளர்ந்ததையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்ததும் அவை தேறியதையும் கண்ட எய்க்மன் என்ற டச்சு மருத்துவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது பலரும் அறிந்த கதை. நம் ராஜதானியில் நிகழ்ந்தது அவ்வளவாகப் பேசப்படாதது. பழைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், விசாகப்பட்டினத்தையும் கோதாவரியையும் அடுத்த கடற்கரை ஜில்லாக்களில், பெரிபெரி ஊரோடு வேரூன்றியிருந்தது. தெற்கே, அதே மாகாணத்தில், அதே அரிசியையே மூன்று வேளையும் உண்ட தஞ்சாவூர் ஜில்லாவில் அதைக் காண்பது அரிது. குன்னூரில் மக்கரிசனும், அவருக்குப் பின் ஆய்க்ராய்டும் நடத்திய போஷணை ஆராய்ச்சிச் சாலை இதன் காரணத்தைத் துருவிப் பார்த்தது. வடக்கே உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி; தெற்கே உண்டது புழுங்கலரிசி. நெல்லை முதல் நாள் தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் ஆவியில் அவித்து, களத்திலே பரப்பிக் காலால் துழாவிக் காயவைக்கும்போது, தவிட்டிலுள்ள தயாமின் என்னும் சத்து உள்ளே அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும் அதை முழுவதும் உரித்தெடுக்க முடிவதில்லை. பச்சரிசியே சிரேஷ்டம் என்று எண்ணிய மேட்டுக்குடியினர் தங்கள் பருப்பாலும் பாலாலும் தப்பினார்கள். களத்துமேட்டுக் கூலிக்காரர் தங்கள் புழுங்கலரிசியாலும் நீராகாரத்தாலும் தப்பினார்கள்.

பெரிபெரி இருதயத்தை நிர்ணயிக்கும் விதமும் சுவாரசியமானது. இருதயம் தளர்ந்தவனுடைய கைகால்கள் சில்லிட்டிருப்பதே வழக்கமாயிருக்க, இந்நோயாளியின் உள்ளங்கை வெதுவெதுப்பாயிருக்கும். நாடி மெலிந்திருப்பதற்கு மாறாகத் துள்ளும். கால் வீக்கமும் கழுத்து நரம்பின் புடைப்பும் மட்டும் இருதயத் தளர்ச்சியைக் காட்டிக்கொடுக்கும். வெங்கெபாக் முதலிய ஐரோப்பிய இருதய நிபுணர்கள் ஜாவாத் தீவின் நோயாளிகளைக் கொண்டு இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். சந்தேகம் வந்த க்ஷணமே தயாமினை ஊசி வழியாகச் செலுத்திவிட வேண்டும். மறுநாட் காலைக்குள் நீர் தாராளமாகப் பிரிந்து வீக்கம் வடியுமானால், சிகிச்சையே பரிசோதனையாகவும் ஆகிவிட்டது. இன்றைக்கு டெல்டாவில் இது தலைகாட்டுவதென்றால், பெரும்பாலும் குடியில் சோற்றை மறந்தவர்களிடத்திலும், மசக்கை வாந்தியில் வாரக்கணக்காக ஒன்றும் தங்காத கர்ப்பிணிகளிடத்திலுமே இருக்கும். கண்டுபிடிக்கத் தேவைப்படுவது, “என்ன சாப்பிடுகிறாய்?” என்ற ஒரு கேள்வியே. அதைக் கேட்கும் பொறுமைதான் நம் மருத்துவமனைகளில் அபூர்வமாகிக்கொண்டு வருகிறது.

கேள்விக்கு அடுத்தபடி செவி. இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டிலே முத்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரால் சத்திரம் நிறுவி, தஞ்சையில் தன்வந்திரி மகாலை வைத்து, கண் நோயாளிகளின் வரலாறுகளைச் சித்திரங்களோடு ஏடேற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1816இல், பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் லேனெக் என்பவர் ஒரு காகிதக் கற்றையைக் குழலாகச் சுருட்டி, ஸ்தூல சரீரியான ஓர் இளம்பெண்ணின் மார்பில் ஒரு முனையையும் தம் காதில் மறு முனையையும் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அவ்விதம். பிறகு ஐந்தோவன் 1903இல் லெய்டன் நகரில் இருதயத்தின் மின்னோட்டத்தைப் படமெடுத்தார். ஏறக்குறைய 270 கிலோ எடையுள்ள அவருடைய யந்திரத்தின் வழித்தோன்றல்தான் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்து மேஜை மீதிருக்கும் ஈசிஜி பெட்டி. 1953இல் ஸ்வீடன் தேசத்து எட்லரும் ஹெர்ட்ஸும், கப்பற்கட்டுந் துறையில் உலோகத்தின் விரிசலைக் காண வைத்திருந்த ஒலிக்கருவியை இரவல் வாங்கி மனித மார்பிலே வைத்துப் பார்க்க, எக்கோ பரிசோதனை வந்தது. இவற்றின் சரித்திரம் தனியே எழுதத்தக்கது. இங்கே அவசியமானவை நோய்களே.

வயிறு பெருத்து, கால் வீங்கி, முகம் வாடி வரும் நோயாளியை நம் முன்னோர் மகோதரம் என்ற பெயரால் அறிந்திருந்தனர். இப்போதும் அப்படி ஒருவர் வந்தால், முதலில் ஈரலின் மேலே பழி விழுகிறது. குடிப்பவராயிருந்தால் மேற்கொண்டு விசாரணையே நடப்பதில்லை. ஆனால் அவரைச் சாய்வாகப் படுக்கவைத்து, கழுத்தின் பக்கவாட்டு நரம்பை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் வேறொரு கதை தென்படக்கூடும். ஈரல் நோயில் அந்நரம்பு பொதுவாக அமுங்கியே கிடக்கும். இருதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிப்போனவனுக்கோ அது காது மடல் வரை புடைத்து நிற்கும். போதாததற்கு, மூச்சை உள்ளே இழுக்கும்போது தாழ வேண்டிய அது மேலும் ஏறும். குஸ்மால் என்ற ஜெர்மானியர் 1873இல் இந்த அடையாளத்தை விவரித்தார். மேல்நாடுகளில் இன்று இவ்வுறை இறுகுவது பெரும்பாலும் காரணம் புலனாகாமலோ, இருதய ரண சிகிச்சைக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் பின்னரோ நேர்வது; நம் நாட்டில் க்ஷயரோகமே இதற்குப் பிரதான காரணம். நெஞ்சைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் சிலருக்கு இருதயத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து ஓடு கட்டியிருப்பது தெரியும். எக்கோவில் ஒவ்வொரு மூச்சுக்கும் ரத்தம் பாயும் வேகம் இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிராக மாறுவதைக் காணலாம். ஐயம் தீராவிடில் குழாய் செலுத்தி இரு கீழறைகளின் அழுத்தத்தையும் ஒரே சமயத்தில் அளந்து, இருதயம் தளர்ந்து விரியும் வேளையில் இரண்டும் ஏறக்குறையச் சமமாயிருப்பதை உறுதி செய்வார்கள். உறையை உரித்தெடுத்தால் பலர் பிழைக்கிறார்கள். ஈரல் கெட்டுவிட்டதென்று கைவிடப்பட்ட ஒருவர், கழுத்தைப் பார்க்க ஒருவர் இருந்த காரணத்தால் திரும்பவும் நாற்று நட இறங்குகிறார் என்பது மருத்துவத்தில் அடிக்கடி கிடைக்கும் ஆனந்தமன்று.

ஆயினும் இதே தோற்றத்தோடு வரும் மற்றொரு நோய் உண்டு. அதில் உரிப்பதற்கு உறையே இல்லை. உகாண்டாவின் கம்பாலா நகரில் டேவிஸ் என்பவர் 1948இல் விவரித்த அந்நோயில், இருதயத்தின் உட்சுவர் நாராகத் தடித்துக் கீழறையின் அடிமுனையை அடைத்துவிடும். அடைபட்ட அறைக்கு மேலிருக்கும் அறை பெருத்துப் பூதாகாரமாகும். ஆப்பிரிக்க வெப்ப மண்டலத்து நோயென்று நூல்கள் கூறிய இது, நமக்கு மேற்கே ஒரு மலைத்தொடரைத் தாண்டினால் போதும், கேரளக் கடற்கரையில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடத்திலே மலிந்து கிடந்தது. வேலூர் மருத்துவக் கல்லூரியாரும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தாரும் அதைப் பற்றி நிறைய எழுதினார்கள். அந்நிலையத்தின் முதல் இயக்குநரான வலியத்தான், கேரளத்து மோனசைட் மணலில் தோரியத்தோடு கலந்திருக்கும் சீரியம் என்ற தனிமம் மரவள்ளி முதலிய கிழங்குகளின் வழியாக உடலிற் சேர்ந்து, மக்னீசியம் குறைந்த சரீரத்தில் இருதயத்தை நாராக்குகிறது என்றொரு சித்தாந்தத்தை முன்வைத்தார். குடற்புழுக்களால் பெருகும் ஒருவகை வெள்ளணுக்களே காரணம் என்பது மற்றொரு கட்சி. வழக்கு தீர்வதற்குள்ளாகவே, வறுமை குறைந்து உணவும் சுகாதாரமும் மேம்பட்ட கேரளத்தில் நோய் தானாகவே அருகிவிட்டது. எக்கோவில் அடிமுனை அடைபட்டிருப்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடிய நோய்தான். ஆனால் இனி அதை ஒரு முறையேனும் பார்த்திராத மருத்துவர்களே மிகுவார்கள். காரணம் இன்னதென்று அறியாமலே ஒழிந்துபோன நோயைப் பற்றி, ஒழிந்ததே போதும் என்று இருந்துவிட என் மனம் ஒப்பவில்லை.

மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்குவது நம்மிடையே சாதாரணம் என்பதால் அதை அதிகம் விரிக்க வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கப் பல பத்தாண்டுகள் வேண்டும் என்பது மேல்நாட்டு அனுபவம். நம் நாட்டில் அது இருபது வயதுக்கு முன்பே முற்றிவிடுவதை எஸ். பி. ராயும் ராமலிங்கசுவாமி முதலானோரும் 1963இல் லான்செட் பத்திரிகையில் எடுத்துக் காட்டினார்கள். பதினான்கு வயதுப் பெண் பள்ளிக்கு நடக்க மூச்சு வாங்குகிறதென்றால், ரத்த சோகை என்று இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்தனுப்புவதற்கு முன்னால், இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து ஸ்டெதாஸ்கோப்பின் மணிமுனையால் கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே ஆதாரம்.

அடுப்பின் கதையைச் சொல்பவர் பத்மாவதி. பர்மாவில் பிறந்து, 1942இல் போருக்குத் தப்பிக் கோயம்புத்தூரில் வந்து தங்கி, பின்பு லண்டனிலும், அமெரிக்காவில் ஹெலன் டாஸிக், பால் டட்லி வைட் ஆகியோரிடத்திலும் பயின்று, டில்லியில் இருதயவியலை நிலைநாட்டிய இந்த அம்மையார், நுரையீரல் கெட்டு அதன் விளைவாக வலப்பக்க இருதயம் தளர்ந்த நோயாளிகளை ஆராய்ந்தார். புகைபிடிக்கும் ஆண்களின் நோயென்று பேர்பெற்ற அது, டில்லியிலோ பீடியைத் தொட்டறியாத பெண்களையும் ஆண்களுக்குச் சமமாக, அதுவும் அவர்களினும் இளவயதிலேயே பீடித்திருந்தது. வறட்டியும் விறகும் எரியும் புகைபோக்கியில்லாத அடுப்பே காரணம் என்று அவர் 1950களின் இறுதியில் எழுதியபோது, சமையற்கட்டு மருத்துவ நூலில் இடம்பெற்றது. சமையல் வாயு வந்துவிட்டது, நெல் அவிக்கும் வேலையும் ஆலைக்குப் போய்விட்டது என்றாலும், அறுபது வயதைத் தாண்டிக் கால் வீங்கி வரும் ஒரு கிராமத்து மூதாட்டியிடம், “எத்தனை வருஷம் விறகடுப்பில் ஊதினீர்கள், ஆத்தா?” என்று கேட்காமல் வலது இருதயத்தின் வீக்கத்தை எழுதி முடிப்பது பாதி நிர்ணயமே ஆகும்.

இனி, அடுப்படியிலிருந்து வைக்கோற்போருக்குப் போவோம். சரபோஜி பட்டமேறிய அதே 1798இல் ஃபாப்ரிசியஸ் என்ற டேனிஷ் இயற்கை நூலார் ஒரு செந்தேளுக்குத் தமுலஸ் என்று பெயரிட்டார். நம் நாட்டின் பெயரைச் சுமந்த அந்தத் தேள் இருதயத்தைக் கொல்லும் விதத்தை விளங்கவைத்தவர் மகாராஷ்டிரத்துக் கொங்கணப் பகுதியில், மஹாட் ஊரில், சிற்றூர் மருத்துவராக இருந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர். கொட்டிய இடத்து வலியைவிட, வாந்தியும், உடல் முழுதும் கொட்டும் வியர்வையும், சில்லிட்ட கைகால்களுமே அபாயத்தின் முன்னறிவிப்பு என்று அவர் 1982இல் லான்செட்டில் எழுதினார். நஞ்சு நரம்புகளைத் தூண்ட, அட்ரினலின் வகை நீர்கள் ரத்தத்தில் வெள்ளமாகப் பெருகி, ரத்தக்குழாய்கள் இறுகி, ஏறிய அழுத்தத்தை எதிர்த்து அடிக்க முடியாமல் இருதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. இவ்வளவும் சில மணி நேரத்திற்குள் நடந்துவிடும். இறுகிய குழாய்களைத் தளர்த்தும் பிராசோசின் என்ற மலிவான மாத்திரையை அவர் கையாளத் தொடங்கினார்; இந்நிலையை எய்தியவர்களில் நூற்றுக்கு முப்பது நாற்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு ஒன்றென்ற அளவுக்கு இறங்கியது. பெரிய ஆய்வுக்கூடமோ, வெளிநாட்டுப் பொருளுதவியோ இன்றி, கொட்டுப்பட்டவனின் படுக்கையருகே இரவெல்லாம் அமர்ந்து நாடியையும் அழுத்தத்தையும் குறித்துவைத்ததன் பலன் இது. புதுச்சேரி ஜிப்மரிலும் தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் தேள் கொட்டிய குழந்தைகளை இன்று இம்முறையிலேதான் காக்கிறார்கள்.

அதே அட்ரினலின் வெள்ளம் தேளில்லாமலும் வரும். 1990இல் ஹிரோஷிமாவின் சாதோ முதலானோர் விவரித்த நோயில், பெரிய துக்கமோ பயமோ தாக்கிய பின், பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, மாரடைப்பின் வலியும் மாரடைப்பின் ஈசிஜியும் உண்டாகும். குழாய் செலுத்திப் பார்த்தால் ரத்தக்குழாய்களில் அடைப்பு இருக்காது. கீழறையின் அடிமுனை மட்டும் பலூனைப் போல உப்பி, சில வாரங்களில் தானே பழைய நிலைக்குத் திரும்பும். 2004ஆம் ஆண்டு நீகாட்டாப் பூகம்பத்தை அடுத்து ஜப்பானில் இது பெருகியது. ஆகவே, கஜா புயல் ஒரத்தநாட்டுத் தென்னைகளைச் சாய்த்ததைப் போன்றதொரு வாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் மூதாட்டியைச் சோதிக்கும்போது, வீட்டில் நடந்ததை விசாரிப்பதும் பரிசோதனையின் அங்கமே.

நிலமும் சோறும் புகையும் தேளும் வெளியிலிருந்து வருபவை. ரத்தத்தோடு வருபவை வேறு. 1958இல் லண்டன் பிரேதப் பரிசோதகர் டீர், திடீரென்று மாண்ட இளைஞர் சிலரின் இருதயங்களில் நடுச்சுவர் மட்டும் அளவுக்கு மீறித் தடித்திருப்பதைக் கண்டு எழுதினார். இந்நோயை ஸ்டெதாஸ்கோப்பாலேயே ஊகிக்க ஒரு வழியுண்டு. நோயாளியைக் குந்தி உட்காரச் சொல்லிக் கேட்டால் இருதயத்தின் முணுமுணுப்பு தணியும். சட்டென்று எழுந்து நிற்கச் சொன்னால் உரக்க ஒலிக்கும். வேறு பல வால்வு நோய்களில் இதற்கு நேர்மாறாக நடக்கும். மேல்நாட்டு நோயாளிகளில் பலர் குந்தி உட்கார முடியாமல் திணறுவர். களை பறித்துப் பழகிய நம்மவருக்கு அது ஒரு பொருட்டன்று. பின்னர் எக்கோவில் சுவரை அளந்து, 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, ரத்தக்கொதிப்பு முதலிய வேறு காரணம் இல்லையெனில், நோய் நிச்சயமாகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணியும், ஐதராபாத்தின் தங்கராஜ் முதலானோரும் 2009இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் பத்திரிகையில், இருதயத் தசையின் ஒரு புரதத்திற்குரிய மரபணுவில் இருபத்தைந்து எழுத்துகள் விடுபட்ட ஒரு குறை, தென்னாசிய மக்களில் நூற்றுக்கு நான்கு பேரிடத்தில் இருப்பதையும், அது சுமார் 33,000 ஆண்டுகட்கு முன் தோன்றியிருக்கலாம் என்பதையும் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அக்குறையோடு ஒட்டிக்கொண்டு சிலரிடத்தில் மட்டும் காணப்படும் வேறு மாற்றங்களே நோய்க்கு மெய்யான காரணமாயிருக்கலாம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் திருத்தம் கூறின. இக்குறையைத் தாங்கியவர் எல்லோரும் நோயாளிகளல்லர். ஆயினும் முப்பது வயதில் வயலில் விழுந்து மாண்டவனுடைய தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுத்துப் பார்ப்பது கடமை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஏறினால் சேர்ந்துவிடும் தூரம்தான்.

இறுதியாகச் சொல்ல வேண்டியது, என் மதிப்பில் இவ்வனைத்திலும் முக்கியமானது. நார்வே தேசத்தில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இருவர் 1957இல் ஒரு குடும்பத்தை விவரித்தார்கள்: ஆறு பிள்ளைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேளாது; நால்வருக்கும் அடிக்கடி மயக்கம் வரும்; மூவர் திடீரென்று மாண்டனர். ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பிற்கும் பின் இருதயம் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும் இடைவெளி, அளவுக்கு மீறி நீண்டிருந்தது. உட்செவியிலும் இருதயத்திலும் பொட்டாசியத்தைக் கடத்தும் வாயில் ஒன்றே என்பதும், அதன் மரபணு இரு பெற்றோர் வழியாகவும் கெட்டு வந்தால் செவியும் இருதயமும் சேர்ந்தே கெடும் என்பதும் 1997இல் தெளிவாயிற்று. இரு பக்கமும் ஒரே குறை வந்து சேர்வதற்கு எளிதான வழி, நெருங்கிய உறவில் மணப்பது. அத்தை மகளை மணந்தவர்களின் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேரும் சாத்தியம் பதினாறில் ஒரு பங்கு என்றால், அக்காள் மகளை மணந்தவர்களின் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு என்று கணக்கிடுவர். சொத்து பிரியாமலிருக்கவும், உறவு விட்டுப்போகாமலிருக்கவும் இவ்வாறு கொண்டு கொடுத்த தமிழ்நாட்டில், இந்நோய் மேல்நாட்டு நூல்கள் சொல்லும் அளவுக்கு அபூர்வமாக இருக்க நியாயமில்லை.

நடப்பதோ வேறு. காது கேளாத பிள்ளை ஓடும்போதோ, பயப்படும்போதோ, தண்ணீரில் குதிக்கும்போதோ நினைவிழந்து கைகால்கள் வெட்டி இழுத்தால், காக்காய் வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். மருத்துவரும் வலிப்புக்குரிய மாத்திரையை எழுதிவிடுகிறார். கல்லணைக் கால்வாயான புது ஆற்றில் குதித்த பையன் மேலே வரவில்லையென்றால் நீச்சல் தெரியாமை என்று முடித்துவிடுகிறோம். ஈசிஜி காகிதம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. அதன் சிறு கட்டம் ஒவ்வொன்றும் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியைக் கட்டங்களாக எண்ணி, நாடியின் வேகத்திற்கேற்பத் திருத்திக் கணக்கிட்டால், ஆரோக்கியமான பிள்ளைக்குப் பதினொரு கட்டத்திற்குள் அடங்கும். இந்நோயில் பன்னிரண்டரையைத் தாண்டும். இந்த எண்ணிக்கையை யந்திரத்தின் அச்செழுத்துக்கு விட்டுவிடாமல் கண்ணால் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் புரோப்ரனலால் முதலிய மாத்திரைகளும், இடைவெளியை நீட்டும் மருந்துகளை விலக்குவதும், சிலருக்கு மார்பில் பொருத்தும் கருவியும் உயிர் காக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டின் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இலவசமாக நடக்கிறது. அதற்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் எடுக்கும் ஈசிஜியில் இந்நோய் அகப்படுவதுண்டு. அறுவைக்கு வராத பிள்ளைகளும் உதவித்தொகைக்கான சான்றிதழ் வாங்க மருத்துவ முகாமிற்கு ஒரு தடவையாவது வந்தே தீர வேண்டும். செவியைச் சோதிக்கும் மேஜைக்கு அடுத்த மேஜையில் ஈசிஜி பெட்டியை வைத்து, அந்தப் பிள்ளைக்கும், கூட வந்த அண்ணன் தங்கைக்கும் ஐந்து நிமிஷத்தில் படம் எடுத்துவிட அரசு ஓர் உத்தரவு போட்டால் போதும்.